முற்றம் முழுவதும் அச்சுக் கொங்கிறீற்றா? எழுவான்கரை ஆசிரியைக்கு ஒரு பொறியியலாளரின் பதில்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள ஓர் ஊரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். தை மாதத்தில் அவருடைய மகளுக்குத் திருமணம். அதற்கு முன்னர் படலையிலிருந்து திண்ணை வரையும், பக்கவாட்டில் கிணற்றடி வரையும், ஏறத்தாழ 1,200 சதுர அடி முற்றத்தைக் கருங்கல் பதித்தது போலத் தோன்றும் அச்சுக் கொங்கிறீற்றால் மூடிவிடும்படி கனடாவிலுள்ள மகன் படங்களையும் பணத்தையும் அனுப்பியிருக்கிறார். மூன்று அங்குலத் தடிப்பு போதும், மணல் நிலத்துக்குக் கம்பி வலை தேவையில்லை, 30 வருடங்களுக்குப் பராமரிப்பே இல்லை, வீட்டுக்குப் பெயின்ற் அடித்த பிறகு கார்த்திகையில் தொடங்கலாம் என்று ஒப்பந்தகாரர் சொல்லியிருக்கிறார்.

ஆசிரியைக்குத் தயக்கம் வந்ததற்குக் காரணம் அவருடைய அக்காவின் வீடு. அம்பாறை மாவட்டத்தில், வயலைக் கிரவல் போட்டு நிரவிய காணியில் இருக்கும் அந்த வீட்டில் இரண்டு வருடங்களுக்கு முன்னர் 600 சதுர அடிக்கு இதே வேலை செய்யப்பட்டது. இன்று அதன் குறுக்கே வெடிப்பு ஓடுகிறது, ஒரு மூலை தாழ்ந்துவிட்டது, மேற்பரப்பு வெள்ளை பூத்துக் கிடக்கிறது. போன மாரியில் அத்தான் அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்திருக்கிறது. “அக்காவை ஏமாற்றிவிட்டார்களா, அல்லது இந்தப் பொருளே நம் ஊருக்கு ஒத்துவராததா? நான் இதைச் செய்யலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

அத்தானின் கை நல்லபடியாகக் கூடியிருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் கேள்விக்கு நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இதைச் செய்யலாம். ஆனால் முற்றம் முழுவதற்கும் வேண்டாம், கார்த்திகையில் வேண்டாம், இப்போது உங்கள் முன்னால் வைக்கப்பட்டிருக்கும் நிபந்தனைகளில் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன்.

அச்சுக் கொங்கிறீற்று என்பது தனியான ஒரு பொருள் அல்ல. வழக்கமான கொங்கிறீற்றை ஊற்றி மட்டம் பிடித்து, அது இறுகத் தொடங்கும் வேளையில் நிறம் கலந்த கடினப்பொடியை மேலே தூவித் தேய்த்து, அச்சு ஒட்டிக்கொள்ளாதிருக்க இன்னொரு பொடியை இட்டு, பொலியுரேத்தேன் பாய்களை வைத்து அழுத்தி எடுக்கிறார்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ‘சீலர்’ எனப்படும் காப்புப் பூச்சைப் பூசுகிறார்கள். ஆகவே படத்தில் உங்கள் மகனைக் கவர்ந்த அழகு மேலேயுள்ள சில மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடுகிறது. அது எத்தனை வருடம் நிற்கும் என்பதைக் கொங்கிறீற்றின் தடிப்பும், அடியிலுள்ள மண்ணும், தண்ணீர் போகும் வழியுமே தீர்மானிக்கின்றன.

அக்காவின் வீட்டில் நடந்தது என்ன

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய கணக்கில் அந்த வேலைக்கு 28 பை சீமெந்து வந்ததாக இருக்கிறது. 600 சதுர அடியை மூன்று அங்குலத்துக்கு ஊற்றினால் 150 கன அடி, அதாவது நாலேகால் கன மீற்றர் கொங்கிறீற்று வேண்டும். சீமெந்து, மணல், கல் ஆகியவை ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற வழக்கமான கலவைக்கு, 50 கிலோப் பையில், ஏறக்குறைய அந்தளவு சீமெந்துதான் போகும். எனவே அவர் சீமெந்தை ஒளித்துவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். பிழை அதற்கு முன்னரே, இன்ன தடிப்பு, இன்ன கலவை என்று முடிவெடுத்த இடத்திலேயே நடந்துவிட்டது. கார் நிற்கும் முற்றத்துக்கு நான்கு அங்குலத் தடிப்பும் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவையும் வேண்டும். அப்படிச் செய்திருந்தால் ஏறத்தாழ 45 பை போயிருக்கும். இந்த வேறுபாட்டை வேலைக்கு முன்னர் கேட்டறிய வேண்டும் என்று அக்காவுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

குறுக்கே ஓடும் வெடிப்பும் தாழ்ந்த மூலையும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் அல்ல. எல்லாக் கொங்கிறீற்றும் காயும்போது சுருங்கும்; சுருங்கும்போது எங்காவது வெடித்தே தீரும். அந்த வெடிப்பு நேர்கோட்டில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிகழும்படி நாம்தான் வழி அமைக்க வேண்டும். அதற்காகவே நான்கு அங்குலக் கொங்கிறீற்றுத் தகட்டில் எட்டு முதல் பத்து அடிக்கு ஒருமுறை, தடிப்பில் கால்வாசி ஆழத்துக்கு, ஊற்றிய ஒரு நாளுக்குள் கிரைண்டரால் ஜொயின்ற் வெட்டுகிறோம். அக்காவின் முற்றம் ஒரு வெட்டும் இல்லாமல் ஒரே தகடாக, வீட்டுச் சுவரோடு ஒட்டி ஊற்றப்பட்டிருக்கிறது. வெட்டுக் கொடுக்காத இடத்தில் கொங்கிறீற்று தானே வெட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

மூலை தாழ்ந்ததுதான் கவலைக்குரியது. வயற்களி மாரியில் ஊதும், கோடையில் சுருங்கும். அதன்மேல் கொட்டிய கிரவலை ஆறங்குலம் ஆறங்குலமாகப் பரப்பி, நனைத்து, இயந்திரத்தால் இறுக்கியிருக்க வேண்டும். டிப்பரில் கொண்டுவந்து கொட்டி மண்வெட்டியால் பரப்பினால் இரண்டு மாரிக்குள் அது அமர்ந்துவிடும். பீலி இல்லாத கூரைத் தண்ணீரும் அந்த மூலையில்தான் விழுகிறது என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் அதுவே முதற் காரணம்.

இப்போது செய்யக்கூடியவை இவை. கூரைக்குப் பீலி போட்டு அந்தத் தண்ணீரை முற்றத்துக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லுங்கள். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி, ஒரு மாரியும் ஒரு கோடையும் கவனிக்கச் சொல்லுங்கள். வெடிப்பு நீளாமலும் இரு பக்கமும் ஒரே மட்டத்திலும் இருந்தால், நெகிழும் தன்மையுள்ள பொலியுரேத்தேன் நிரப்பியால் அடைத்துவிட்டு அதோடு வாழலாம். சீமெந்துப் பாலைக் கரைத்து ஊற்றுவது நம் ஊர் வழக்கம். அது இறுகிய பிறகு அசையாது, அடுத்த கோடையில் அந்தக் கோட்டிலேயே வெள்ளைத் தழும்பாகப் பெயர்ந்துவிடும். தாழ்ந்த மூலையை மட்டும் வெட்டி எடுத்து, மண்ணை இறுக்கி, மறுபடி ஊற்றலாம். ஆனால் புதிய நிறம் பழையதோடு ஒருபோதும் அச்சொட்டாகப் பொருந்தாது. அந்தக் காணியில் நான் என்றால், அந்த மூலைக்கு இன்டர்லொக் கல் போட்டுவிடுவேன். மண் இன்னும் அமரக்கூடிய நிலத்தில் கல்லைக் கழற்றி, மணல் இட்டு, திரும்ப அடுக்கலாம். தகட்டை அப்படிச் செய்ய முடியாது.

வெள்ளை பூத்தலுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. விரலால் தேய்த்தால் மாவு போல ஒட்டிக்கொண்டு, இரண்டு துளி தேசிக்காய்ச் சாறு விட்டால் நுரைக்குமானால் அது சுண்ணாம்பு உப்பு; கொங்கிறீற்றுக்குள் இருக்கும் சுண்ணாம்பைத் தண்ணீர் மேலே கொண்டுவர, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டுடன் சேர்ந்து அது படிகிறது. உலர்ந்த தூரிகையால் தேய்த்துக் கழுவினாலே பெரும்பாலும் போய்விடும். மலசலகூடம் கழுவும் அசிட்டை ஊற்றவே வேண்டாம். அது நிறத்தையும் தின்றுவிடும். தேய்த்தும் போகாமல், கண்ணாடிக்கு அடியில் பால் படிந்தது போல இருக்குமானால், ஈரம் காயாத தரையில் சீலரைத் தடிப்பாகப் பூசியதால் ஈரம் அகப்பட்டிருக்கிறது என்று பொருள். ஒரு சதுர அடியில் சைலீன் என்ற கரைப்பானைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சீலர் இளகி வெண்மை மறைந்தால் காரணம் உறுதி. கோடையில், நன்றாகக் காய்ந்த நாளில், முழுப் பரப்பையும் அவ்வாறு இளக்கி றோலரால் மெல்லியதாகப் பரப்பிவிடலாம். சைலீன் எளிதில் தீப்பற்றும், அதன் ஆவி தலையைச் சுற்றவைக்கும். முகக்கவசத்தோடு, அடுப்பும் பீடியும் அருகில் இல்லாமல், பழக்கமுள்ள ஒருவரே செய்ய வேண்டும்.

அத்தான் விழுந்த இடத்தைப் பற்றி நீங்கள் “கொங்கிறீற்று வழுக்கும்” என்று எழுதியிருக்கிறீர்கள். வழுக்கியது கொங்கிறீற்று அல்ல, அதன்மேல் தடிப்பாகப் படிந்த சீலரும் மாரியில் பிடித்த பாசியுமே. மீண்டும் பூசும்போது கடைசிப் பூச்சில் வழுக்காதிருக்கச் சேர்க்கும் நுண்பொடியைக் கலக்கும்படி கட்டாயம் சொல்லுங்கள். வயதானவர்கள் நடக்கும் வீட்டில் இதை விருப்பத்துக்குரிய ஒன்றாக நான் கருதமாட்டேன்.

வேலை செய்தவரிடம் கேட்க அக்காவுக்கு உரிமை உண்டு. வாய்ப்பேச்சாக மட்டும் நடந்த உடன்படிக்கை என்றால் வழக்கிடுவதற்கான கால எல்லை பொதுவாக 3 ஆண்டுகள்தான். இரண்டு கழிந்துவிட்டதால் ஒரு சட்டத்தரணியிடம் விரைவில் கேட்பது நல்லது. ஆனால் முதலில் குறைகளைப் படத்தோடு எழுதி ஒரு கடிதம் கொடுக்கட்டும். அதற்குப் பதில் வராவிட்டால் அந்தப் பிரதேசத்து மத்தியஸ்த சபையில் முறையிடலாம். உழைப்பாளி ஒருவரோடு பகையாகாமல் முடிக்க அதுவே நல்ல வழி என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் முற்றம்

உங்கள் நிலம் அக்காவின் நிலத்தைவிடப் பல மடங்கு நல்லது. மணல் ஊதவும் மாட்டாது, சுருங்கவும் மாட்டாது. தண்ணீர் ஊற்றி இயந்திரத்தால் அதிர்த்து இறுக்கினால் உறுதியாக நிற்கும். அதன் பலவீனம் ஒன்றே: ஓடும் தண்ணீர் ஓரத்து மணலை அரித்துக்கொண்டு போய்விட்டால் தகடு அந்தரத்தில் நிற்கும், அடுத்த வாகனம் ஏறும்போது முறியும். ஆகவே ஓரங்களை மட்டும் எட்டு அங்குல ஆழத்துக்கு இறக்கி ஊற்றச் சொல்லுங்கள். வாட்டம் வீட்டுக்கு எதிர்த்திசையில், அடிக்குக் கால் அங்குலம் இருக்கட்டும். மணல் கலவையிலுள்ள தண்ணீரை உறிஞ்சாமலும் நிலத்து உவர் மேலே ஏறாமலும் இருக்க, அடியில் 1000 கேஜ் தடிப்புள்ள பொலித்தீன் விரிக்க வேண்டும்.

கம்பி வலை வெடிப்பைத் தடுக்கும் என்று நீங்கள் நம்புகிறீர்கள், தேவையே இல்லை என்று ஒப்பந்தகாரர் சொல்கிறார். இரண்டும் சரியல்ல. வலை வெடிப்பைத் தடுக்காது. வெடித்த இரு பக்கமும் விலகாமல் பிடித்து வைத்திருக்கும். வாகனம் நிற்கும் பகுதிக்கு அது தேவை. ஆனால் வலையை நிலத்தில் விரித்துவிட்டு மேலே ஊற்றினால் போட்டும் பயனில்லை. மேற்பரப்பிலிருந்து இரண்டு அங்குலம் கீழே நிற்கும்படி சிறு கட்டைகள் வைத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். அச்சு அரை அங்குலம் வரை அழுந்தும் என்பதாலும், உங்கள் வீட்டில் கடற்காற்று ஓயாது என்பதாலும், இதைவிட மேலே கொண்டுவர வேண்டாம். கம்பி துருப்பிடித்து ஊதினால் மேற்பரப்பு பெயர்ந்துவிடும். அதே காரணத்துக்காகக் கடல்மணலை ஒரு சட்டி அளவுகூடக் கலக்க விடாதீர்கள். ஆற்றுமணல் வேண்டும். கலவைத் தண்ணீர் பைக்கு 25 லீற்றரைத் தாண்டக்கூடாது. மணல் நனைந்திருந்தால் அதிலும் குறைவு. ஊற்ற இலகுவாக இருக்கட்டும் என்று ஒரு வாளி கூடுதலாக விடுவதே நம் ஊர்க் கொங்கிறீற்றின் பெரிய எதிரி.

மகன் அனுப்பிய ஆங்கிலக் குறிப்பில் பாதிக்கு மேல் பனியைப் பற்றியது. அங்கே கொங்கிறீற்றுக்குள் ஊறிய தண்ணீர் உறைந்து விரிவதும், பனி உருக்கத் தூவும் உப்பும் மேற்பரப்பை உரித்துவிடுகின்றன. அதற்காகக் கலவைக்குள் நுண்ணிய காற்றுக்குமிழிகளை உண்டாக்கும் மருந்து சேர்க்கிறார்கள். நமக்கு அந்தச் செலவு தேவையில்லை. நம்மை வருத்துவது வெயில், உவர், மாரி ஆகியவையே.

எதை மூடாமல் விட வேண்டும்

இந்த இடத்தில்தான் உங்கள் திட்டத்தோடு நான் மிகவும் மாறுபடுகிறேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவே உங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர் இருப்பது மாரிமழை அந்த மணலுக்குள் இறங்குவதால்தான். இறங்கிய மழைநீர் அடியிலுள்ள உவர்நீருக்கு மேலே ஒரு படலமாக மிதக்கிறது. அதைத்தான் நீங்கள் கோடையில் அள்ளுகிறீர்கள். வளவைத் தகட்டால் மூடி மழையை வீதிக்கு அனுப்பினால் அந்தப் படலம் மெலியும். ஒரு வீடு செய்தால் ஒன்றும் தெரியாது. ஒழுங்கையிலுள்ள எல்லா வீடும் செய்தால் தெரியும், தெரியும்போது திருத்த முடியாது. 2011 தை மாத வெள்ளத்தை நீங்களும் கண்டிருப்பீர்கள். தண்ணீர் உறிஞ்ச மண் இல்லாத வளவில் அது எவ்வளவு நாள் நிற்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கிணற்றடியையும், மாமரத்தைச் சுற்றி ஐந்தடியையும், முற்றத்தின் நடுவையும் மணலாகவே விடுங்கள். படலையிலிருந்து திண்ணைக்கு ஐந்தடி அகலப் பாதையும் வாகனம் நிற்கும் இடமும் மட்டும் செய்தால் ஏறத்தாழ 500 சதுர அடிக்குள் அடங்கும். மூன்று அங்குலத்தில் 1,200 சதுர அடி செய்ய வைத்திருக்கும் பணம், இதைச் சரியான தடிப்பில் செய்து, பீலியும் போடப் போதுமாக இருக்கக்கூடும். தைப்பொங்கலுக்கு அடுப்பு மூட்டவும் அந்த மணல் வேண்டும். சீலர் பூசிய தரையில் தீ மூட்டினால் பூச்சு கருகும். அதோடு உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாகி மேற்பரப்பைச் சில்லுச் சில்லாகத் தெறிக்கவும் வைக்கும்.

எப்போது செய்வது

கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மாதங்கள்தான் மட்டக்களப்பின் பெருமழைக் காலம். அச்சு அழுத்தும் வேளையில் பெய்யும் ஒரு பாட்டம் மழை நிறப்பொடியைக் கழுவிக்கொண்டு போய்விடும். தப்பித் தவறி ஊற்றி முடித்தாலும், சீலர் பூச 28 நாட்கள் கழிய வேண்டும், தரையும் காய்ந்திருக்க வேண்டும். நிலத்தடி நீர் காலடி வரை ஏறி நிற்கும் மார்கழியில் அது காயவே காயாது. அக்காவின் முற்றத்து வெண்மை அப்படித்தான் வந்திருக்கும். மறுபக்கத்தில், கச்சான் காற்று அடிக்கும் வைகாசி தொடக்கம் ஆவணி வரையும் ஏற்றதல்ல. அந்த உலர் காற்று மேற்பரப்பை உள்ளுக்கு முன்னரே காயவைத்து மயிர் வெடிப்புகளைக் கொண்டுவரும், அச்சுப் பதிக்க நேரமும் தராது. மாசிக் கடைசி முதல் சித்திரை வரை, விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பதே சிறந்தது.

திருமணத்துக்கு முன் முடியாது என்பது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்பதை அறிவேன். ஆனால் பந்தற்கால் நாட்டவும் கன்னிக்கால் ஊன்றவும் உங்களுக்கு மண் வேண்டும். புதுத் தகட்டைத் துளைத்தா அதைச் செய்யப்போகிறீர்கள்? லொறியில் நல்ல வெண்மணல் பறித்துப் பரப்பினால், கல்யாண வீட்டுக்கு அதைவிட அழகான முற்றம் எனக்குத் தெரியவில்லை.

பராமரிப்பு

பராமரிப்பே தேவையில்லை என்று சொல்பவரை நம்ப வேண்டாம். நல்ல கொங்கிறீற்று பல பத்தாண்டுகள் நிற்கும். அதன்மேல் பூசிய அக்ரிலிக் சீலர் நம் வெயிலில் இரண்டு, மூன்று வருடங்களே தாங்கும். தண்ணீர் தெளித்தால் முத்துமுத்தாக நிற்காமல் உறிஞ்சப்பட்டுத் தரை கறுத்தால், திரும்பப் பூசும் காலம் வந்துவிட்டது. பூசுமுன் முதல் நாள் மாலை ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனைத் தரையில் நான்கு பக்கமும் ரேப்பால் ஒட்டிவிட்டு மறுநாள் எடுத்துப் பாருங்கள்; உட்புறம் வியர்த்திருந்தால் பூசக்கூடாது. தடிப்பாகப் பூசினால் நீண்டகாலம் நிற்கும் என்பது தவறான எண்ணம். மெல்லிய இரண்டு பூச்சுகளே போதும், அதுவும் தரை சுடாத வேளையில். உங்கள் வீட்டில் மாரியில் நிலத்தடி நீர் மிகவும் மேலே வருமானால், பளபளப்பு இல்லாவிட்டாலும் ஈரத்தை வெளியே விடக்கூடிய, உள்ளே ஊறும் வகைச் சீலரையே நான் பரிந்துரைப்பேன். மற்றபடி கடலிலிருந்து வரும் மணலைக் கூட்டி அகற்றுங்கள். காலடியில் அரைபடும் மணல்தான் பூச்சைத் தேய்க்கிறது. பாசியை மென்மையான சவர்க்காரத் தண்ணீரும் தூரிகையும் கொண்டு, பிடித்த உடனேயே தேய்த்துவிடுங்கள்.

எழுத்தில் வாங்க வேண்டியவை

ஒப்பந்தகாரரோடு சண்டை வேண்டாம். ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் கேளுங்கள். தடிப்பு, கலவை, வலையின் உயரம், ஜொயின்ற் வெட்டும் இடங்கள், வீட்டுச் சுவரோரம் அரை அங்குல நெகிழ் நிரப்பி, சீலரின் வகை ஆகியவை அதில் இருக்கட்டும். பணத்தில் பத்திலொரு பங்கை 28 நாட்களுக்குப் பிறகு சீலர் பூசி முடித்ததும் கொடுப்பதாக எழுதுங்கள். இதற்கு அவர் மறுத்தால் வேறொருவரைத் தேடலாம். மாசிக்கு இன்னும் காலம் இருக்கிறது.

கடைசியாக, வேலைக்கு முன்னர் மூன்றடிக்கு மூன்றடியில் ஒரு மாதிரித் தகடு செய்து காட்டச் சொல்லுங்கள். மகன் விரும்பும் கருஞ்சாம்பல் நிறம் படத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தத் தகட்டின்மேல், பங்குனி வெயிலில், பிற்பகல் இரண்டு மணிக்கு, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு நிறத்தைத் தீர்மானியுங்கள்.